உணர்திறனைக் குறைப்பது முதல் வைத்தியம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்கு வைக்கும் திருட்டு அலாரம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கதவு, ஜன்னல், கேமரா என்று எல்லாவற்றையும் பொறுமையாக எழுதியவர், ஆள் அசைவைப் பிடிக்கும் வயர்லெஸ் மோஷன் சென்சார் தொல்லை கொடுத்தால் என்ன செய்வது என்ற இடத்துக்கு வந்ததும் அவசரப்பட்டுவிட்டார். காரணமில்லாமல் அலாரம் அடித்தால் உணர்திறனைக் குறைத்து வைக்கலாம், அப்படியும் நிற்காவிட்டால் சென்சாரை மாற்றிவிடலாம், பேட்டரி அடிக்கடி தீர்ந்தால் ரீசார்ஜ் செய்யும் வகையைப் போட்டுக்கொள்ளலாம் என்று மூன்றே வரியில் முடித்திருக்கிறார். இந்த மூன்றிலும் எனக்குச் சம்மதமில்லை. அலாரம் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். இந்த யோசனைகளை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்ட வீடுகளுக்குத்தான் நான் பெரும்பாலும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

மோஷன் சென்சார் தானாகக் கெட்டுப்போவது அரிது. அதற்குள் சுழலும் பாகமோ உரசித் தேயும் பாகமோ கிடையாது. பழுது என்று கூப்பிடும் வீடுகளில் சென்சார் அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். மாட்டிய இடம், போட்ட பேட்டரி, அலாரத்தின் மையப் பெட்டியான பேனலுக்குப் போகும் சிக்னல், பேனலில் செய்து வைத்த அமைப்பு, இவற்றில் ஏதோ ஒன்று சரியிருக்காது. அதனால் வீட்டுக்குள் போனதும் நான் சென்சாரைக் கழற்றுவதில்லை. அதற்கு நேர் கீழே சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, அது பார்க்கிற பக்கம் நானும் கொஞ்ச நேரம் பார்ப்பேன். வீட்டிலிருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இந்த அம்மாவுக்கு வேலை தெரியுமா என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். பார்க்கட்டும். எதிரே ஜன்னல் இருக்கிறதா, ஏசி இருக்கிறதா, திரை ஆடுகிறதா, புதிதாக ஏதாவது அலமாரி வந்திருக்கிறதா என்பது அங்கே நின்றால்தான் தெரியும்.

வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் பிஐஆர் வகை சென்சார்கள். இவை கதிர் எதையோ வீசி ஆளைத் தேடுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். இவை எதையும் வீசுவதில்லை. தங்களிடம் வரும் வெப்பக் கதிரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவை. மனித உடலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் 9 முதல் 10 மைக்ரான் அலைநீளத்தில் உச்சத்தில் இருக்கும். அந்தப் பகுதியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியும், சூடு மாறினால் மின்னூட்டம் காட்டும் சிறு துண்டுகள் இரண்டும் உள்ளே இருக்கின்றன. அந்த இரண்டையும் எதிரெதிராக இணைத்திருப்பார்கள். அறை முழுக்க மெதுவாகச் சூடானால் இரண்டும் ஒரே அளவு மாறி ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். முதலில் ஒன்றிலும் அடுத்து மற்றொன்றிலும் மாற்றம் தெரிந்தால்தான் ஏதோ நகர்கிறது என்று கணக்கு.

சூடுபட்டால் மின்னூட்டம் காட்டும் இந்தக் குணம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து டச்சுக்காரர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன டூர்மலின் கற்கள் சூடானதும் சாம்பலை இழுப்பதைப் பார்த்து அங்கே வியந்திருக்கிறார்கள். அந்தக் குணத்தைத்தான் இன்று சுவர் மூலையில் காவலுக்கு வைத்திருக்கிறோம்.

சென்சாரின் முகத்தில் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக்கும் வெறும் மூடி அல்ல. பாலிஎத்திலீனில் செய்த ஃபிரெனல் லென்ஸ் அது. கலங்கரை விளக்கங்களுக்காக பிரான்சில் 1820-களில் ஃபிரெனல் உருவாக்கிய உத்தி. அந்த லென்ஸ் அறையை விரித்த விசிறியின் மடிப்புகளாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒருவர் ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்குக் குறுக்கே கடக்கும்போதுதான் சென்சாருக்கு நன்றாகத் தெரியும். ஒரே மடிப்புக்குள் நேராக அதை நோக்கி நடந்து வந்தால் வெகு அருகில் வரும்வரை தெரியாமல் போகலாம். பெட்டியில் 12 மீட்டர் தூரம் பிடிக்கும் என்று போட்டிருக்கிறதே, 4 மீட்டரில்கூடப் பிடிக்கவில்லையே என்று சண்டைக்கு வருபவர்களிடம், எந்தப் பக்கமாக நடந்து பார்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். நீளமான நடைகூடத்தின் கடைசிச் சுவரில் மாட்டி, வாசலிலிருந்து அதைப் பார்த்து நேராக நடந்திருப்பார்கள். அதே சென்சாரைப் பக்கவாட்டில், வருபவர் அதன் முன் குறுக்காகக் கடக்கும்படி மாட்டினால் ஒரு எட்டு எடுத்து வைப்பதற்குள் சிவப்பு விளக்கு எரியும். மூலையில், தரையிலிருந்து 2.1 முதல் 2.4 மீட்டர் உயரத்தில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். சில மாடல்களுக்கு உயரம் வேறாக இருக்கும். கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, ஆளே இல்லாதபோது ஏன் அடிக்கிறது? கட்டுரையாளர் உணர்திறனைக் குறைக்கச் சொன்னது இங்கேதான்.

நான் போன ஒரு வீட்டில் பிற்பகலில் மட்டும் அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. தினமும் இல்லை, சில நாட்களில். பேய் என்று சொல்லவில்லையே தவிர மற்ற எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். பேனலில் நிகழ்வுப் பதிவு என்று ஒரு பகுதி இருக்கும். எந்த ஜோன், அதாவது எந்தப் பகுதியின் சென்சார், எத்தனை மணிக்கு என்று ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கும். வீட்டுக்காரர்கள் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. அதில் பார்த்தால் எல்லாமே ஒரே அறை, ஏறக்குறைய ஒரே நேரம். அந்த நேரத்தில் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து, அடர் நிற விரிப்பின் மேல் விழுகிறது. வெயில் சீராக அடிக்கும் நாளில் ஒன்றும் ஆகாது. மேகம் வந்து மறைத்து, விலகி, மறுபடி மறைக்கும் நாளில்தான் விரிப்பு சட்டென்று சூடாவதும் ஆறுவதுமாக இருக்கிறது. சென்சாருக்கு அது அசைவு. நான் சென்சாரை ஜன்னல் இருக்கும் சுவருக்கே மாற்றி, ஜன்னலுக்கு முதுகு காட்டி உள்பக்கம் பார்க்க வைத்தேன். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. உணர்திறனைத் தொடவே இல்லை.

தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிஐஆர் சென்சார் பார்ப்பது உடல் சூட்டுக்கும் பின்னால் இருக்கும் சுவர், தரையின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. அறை 35 டிகிரியை நெருங்கினால் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துபோகும். நல்ல சென்சார்கள் இதைச் சமாளிக்க, அறை சூடாகும்போது தாமாகவே உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும். நாம் குளிர் நாளில் போய்க் குறைத்து வைத்துவிட்டால், வெயில் காலத்தில் பூட்டிய அறைக்குள் ஒருவர் சாவகாசமாக நடந்தாலும் அதற்குத் தெரியாமல் போக வாய்ப்பு உண்டு. வீட்டுக்காரர் அலாரம் நின்றுவிட்டது, பழுது சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பார். பொய் அலாரத்தைவிட இந்த நிம்மதிதான் எனக்குப் பயம்.

கண்ணாடி பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. ஜன்னலுக்கு வெளியே போகிற ஆளையோ நாயையோ பார்த்து அடிக்கிறது என்பார்கள். உடலிலிருந்து வரும் அந்த நீண்ட அலைநீளக் கதிர் சாதாரண ஜன்னல் கண்ணாடியைத் தாண்டாது. வெயில் தாண்டும், காரின் முகப்பு விளக்கு வெளிச்சம் தாண்டும், உள்ளே எதன்மீதாவது பட்டு அதைச் சூடாக்கும். ஜன்னல் மூடியிருந்தால் வெளியே போகும் ஆளின் சூடு உள்ளே வராது. இதே காரணத்தால், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் சென்சாரை வைத்த வீட்டில் அது எதையுமே பிடிக்கவில்லை. கதவைத் திறந்து வைத்ததும் பிடித்தது. சென்சார் செத்துவிட்டது என்று புதியது ஒன்றும் வாங்கி வைத்திருந்தார்கள், பாவம்.

ஏசியின் காற்று நேராக சென்சார் முகத்தில் அடிப்பது, ஹீட்டருக்கு எதிரே மாட்டுவது எல்லாம் தெரிந்த கதைகள். தெரியாத கதை ஒன்று: முன்பு ஒயர் வந்த பழைய ஓட்டையை மறைக்க அதன்மேலேயே வயர்லெஸ் சென்சாரை மாட்டுவது. ஓட்டை வழியாக வெளிக்காற்றோ கூரைக்கு மேலிருந்து சூடான காற்றோ பின்பக்கமாக நுழைந்து, உள்ளே இருக்கும் துண்டுகளையே நேராகச் சூடாக்கும், ஆற்றும். காற்று பலமாக அடிக்கும் இரவில் மட்டும் அலாரம் வருகிறது என்றால் சென்சாரைக் கழற்றி அதன் பின்னால் பாருங்கள். கொஞ்சம் சிலிக்கான் பசை வைத்து ஓட்டையை அடைத்தால் போதும்.

அப்புறம் பூச்சிகள். சிலந்திக்கும் பல்லிக்கும் உடல் சூடு கிடையாதே, எப்படிப் பிடிக்கும் என்று கேட்பார்கள். லென்ஸ் மேலேயே ஊர்ந்தால் அது பல மடிப்புகளை ஒரே நேரத்தில் மறைத்துவிடுகிறது. சின்ன வித்தியாசமே போதும். மாதம் ஒருமுறை மெல்லிய துணியால் துடைத்தால் தூசியும் போகும், வலையும் போகும். ஸ்பிரிட், தின்னர் எதுவும் வேண்டாம், லென்ஸ் மங்கிவிடும். சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் சென்சார் மேலும் ஒரு கை பூசிவிட்டுப் போவதும் நடக்கிறது. அப்படி ஆனால் சுரண்டாதீர்கள், அந்த லென்ஸை மாற்றத்தான் வேண்டும்.

நாய் பூனை வளர்ப்பவர்களுக்கென்று தனி வகை சென்சார் இருக்கிறது. அது கீழ்ப்பகுதியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஆனால் கையேட்டில் சொன்ன உயரத்தில், சாய்க்காமல் மாட்டியிருக்க வேண்டும். பூனை சோபா முதுகில் ஏறி நடந்தாலோ எதிரே மாடிப்படி இருந்தாலோ அந்தச் சலுகை செல்லாது.

இத்தனையும் சொன்ன பிறகும், இடமா சாதனமா என்று சந்தேகம் வரும். அதற்கு நான் செய்வது ஒன்றே. வீட்டில் இன்னொரு அறையில் இதே மாடல் சென்சார் இருக்கும். அது தொல்லை தராததாக இருக்க வேண்டும். இரண்டையும் இடம் மாற்றி மாட்டிவிடுவேன். பேனலில் எதையும் மாற்ற மாட்டேன். எந்தச் சென்சார் இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவேன். சில நாள் விட்டுப் பார்த்தால் போதும். தொல்லை சென்சாரோடு கூடவே அடுத்த அறைக்குப் போனால் சாதனத்தில் கோளாறு. தொல்லை அதே அறையிலேயே இருந்தால் இடத்தில் கோளாறு. இதற்குப் பைசா செலவில்லை. இதைச் செய்யாமலேயே ஒரு வீட்டில் எனக்கு முன்னால் வந்த ஒருவர் ஒரே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் புதுச் சென்சார்களாக மாட்டியிருந்தார். கழற்றிப் போட்டவை எல்லாம் நல்ல சென்சார்கள். கோளாறு எதிரே இருந்த ஹீட்டரில்.

இனி, தவறாக அடிப்பது அல்ல, அடிக்கவே இல்லை என்ற புகார். இதில் பெரும்பங்கு ஒரே காரணத்தால் வருவது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

வயர்லெஸ் சென்சார் பேட்டரியில் ஓடுகிறது. ஆள் நடமாடும்போதெல்லாம் சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தால் பேட்டரி சீக்கிரமே காலியாகிவிடும். அதனால் பல மாடல்கள் ஒருமுறை அசைவைச் சொன்னதும் தூங்கப் போய்விடும். அறையில் சுமார் 3 நிமிடம் எந்த அசைவும் இல்லாமல் இருந்தால்தான் அடுத்த சிக்னலுக்குத் தயாராகும். இடையில் யாராவது கையை ஆட்டினால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? சென்சார் முன்னால் நின்று கையை ஆட்டுகிறார். பேனலில் ஒன்றும் வரவில்லை. இன்னும் வேகமாக ஆட்டுகிறார். குடும்பமே வந்து ஆட்டுகிறது. அது எப்படி விழிக்கும்? கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே போய், சில நிமிடம் கழித்து ஒருவர் மட்டும் உள்ளே வந்து நடந்தால் உடனே சொல்லும்.

விளக்கு எரிவதில்லை என்ற புகாரும் இதே சங்கதிதான். பேட்டரியை மிச்சப்படுத்த, சாதாரண நேரத்தில் அந்தச் சிவப்பு விளக்கை அணைத்தே வைத்திருப்பார்கள். சோதிப்பதற்கென்று டெஸ்ட் மோடு தனியாக உண்டு. சிலவற்றில் மூடியைத் திறந்து மூடினால் சில நிமிடம் டெஸ்ட் மோடில் இருக்கும், சிலவற்றில் உள்ளே இரண்டு ஊசிகளை இணைக்கும் ஜம்பர் என்ற சின்னத் துண்டு இருக்கும், சிலவற்றில் பேனலிலிருந்து போட வேண்டும். டெஸ்ட் மோடில் ஒவ்வொரு அசைவுக்கும் விளக்கு எரியும், தூக்கமும் இருக்காது. அறையின் எந்த மூலை அதன் பார்வைக்கு வெளியே இருக்கிறது என்று அப்போது நிதானமாக நடந்து பார்த்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் ஜம்பரைப் பழையபடி போட்டுவிடுங்கள். மறந்துபோய், பேட்டரி தாங்கவே இல்லை என்று கூப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். மூடியைத் திறக்கும் முன் பேனலையும் சோதனை நிலையில் போட்டுவிட வேண்டும். உள்ளே டேம்பர் என்ற சின்ன சுவிட்ச் இருக்கிறது; மூடி கழன்றதும் அது சைரனை ஊத வைத்துவிடும். அலாரத்தைக் கண்காணிக்கும் நிலையம் இருந்தால் அவர்களுக்கும் முதலில் சொல்லிவிடுங்கள். மூடி சரியாக உட்காரவில்லை, சுவர் திருகு தளர்ந்துவிட்டது என்றாலும் இந்த டேம்பர் கோளாறாகக் காட்டும். கையால் அழுத்தி மூடினாலே பாதி சரியாகும்.

இன்னொன்று, அலாரத்தை எந்த நிலையில் ஆன் செய்கிறோம் என்பது. ஆட்கள் வீட்டுக்குள் இருக்கும்போது போடும் நிலையில் உள்ளறை மோஷன் சென்சார்கள் வேலை செய்யாது. கதவு, ஜன்னல் மட்டும்தான் காவலில் இருக்கும். அந்த நிலையில் வைத்துவிட்டு அறைக்குள் நடந்து பார்த்து, சென்சார் போச்சு என்று முடிவு கட்டுகிறார்கள்.

பேட்டரிக்கு வருகிறேன். வயர்லெஸ் மோஷன் சென்சார்களில் அதிகம் பார்ப்பது 3 வோல்ட் சிஆர்123ஏ லித்தியம் பேட்டரி. சிலவற்றில் 3.6 வோல்ட் குட்டை லித்தியம் பேட்டரி, சிலவற்றில் சாதாரண டபுள்ஏ. சிஆர்123ஏ அளவிலேயே ரீசார்ஜ் செய்யும் லித்தியம் அயான் பேட்டரிகள் கிடைக்கின்றன. உருவம் அதேதான், எடுத்துப் போட்டால் சரியாகப் பொருந்தும். ஆனால் அதன் மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுக்கச் சார்ஜ் ஏறினால் 4.2 வரை போகும். 3 வோல்ட்டுக்குச் செய்த சர்க்யூட்டில் அதைப் போடச் சொல்வது நியாயமா? டபுள்ஏ ரீசார்ஜ் பேட்டரியில் எதிர்த் தொல்லை: 1.5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1.2 வோல்ட்தான் வரும், சும்மா இருக்கும்போதே சார்ஜ் இறங்கும். சென்சார் சீக்கிரமே பேட்டரி குறைவு என்று சொல்லத் தொடங்கிவிடும். கையேட்டில் சொன்ன வகையை, ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவதுதான் முறை.

மாற்றும்போது கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பழையதை எடுத்ததும் உடனே புதியதைத் திணிக்கக் கூடாது. உள்ளே கெப்பாசிட்டரில் கொஞ்சம் மின்சாரம் மிச்சம் இருக்கும். சில சென்சார்கள் பழைய நினைவிலேயே இருந்து, புதிய பேட்டரி போட்ட பிறகும் குறைவு என்றே சொல்லும். பேட்டரி இல்லாமல் டேம்பர் சுவிட்சை நாலைந்து முறை அழுத்திவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, பிறகு போடுங்கள். போட்டு மூடியதும் அறையில் ஒருமுறை நடங்கள். சென்சார் அடுத்த சிக்னல் அனுப்பும்போதுதான் பேனலில் எச்சரிக்கை மறையும். லித்தியம் பேட்டரி கடைசி வரை மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருந்து, முடிவில் மளமளவென்று இறங்கிவிடும். ஆகவே எச்சரிக்கை வந்தபின் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதற்கில்லை. இந்த எச்சரிக்கை ஏன் விடியற்காலையில் வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கேட்காதவர்கள் இல்லை. அந்த நேரத்தில்தான் வீடு மிகவும் குளிர்ந்திருக்கிறது. குளிரில் பேட்டரியின் மின்னழுத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கி, எல்லைக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. பகலில் சூடு ஏறியதும் எச்சரிக்கை தானாக மறைந்தாலும் மறையும். சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

மற்ற அறைகளில் தாங்கும் பேட்டரி ஒரே ஒரு அறையில் மட்டும் சீக்கிரம் தீர்கிறதா? ஆள் நடமாட்டம் மிகுந்த வழியாக இருக்கலாம். இல்லையென்றால் சிக்னல் பலவீனமாக இருக்கலாம். இருவழித் தொடர்பு உள்ள சென்சார், பேனலிலிருந்து பதில் வராவிட்டால் மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். பேட்டரி அங்கே போகிறது.

சிக்னல் விஷயம் எனக்குப் பிடித்தமானது. இந்தச் சென்சார்கள் 433 அல்லது 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலோ, நாட்டுக்கு நாடு அனுமதித்த வேறொன்றிலோ பேசுகின்றன. 433-இல் ஒரு அலையின் நீளம் சுமார் 69 சென்டிமீட்டர், 868-இல் அதில் பாதி. சுவரிலும் இரும்பிலும் பட்டுத் திரும்பும் அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த இடத்தில் சென்சார் மாட்டப்பட்டிருந்தால் பேனலுக்குக் கேட்காது. பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி மாட்டினால் நன்றாகக் கேட்கும். இதை நேரில் பார்க்காதவர்கள் நம்புவதில்லை. அதனால் நான் திருகு போடும் முன்பே சென்சாரைக் கையில் பிடித்து, பேனலின் சிக்னல் அளவைப் பார்த்துக்கொண்டே சுவரில் நகர்த்துவேன். வீட்டுக்காரரை பேனல் பக்கத்தில் நிறுத்தி அளவைப் படிக்கச் சொன்னால் அவருக்கும் விஷயம் விளங்கிவிடும்.

நேற்றுவரை நன்றாக இருந்த சிக்னல் இன்று போய்விட்டது என்றால், நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவே வீட்டுக்குள் என்ன வந்தது என்று கேளுங்கள். புது பிரிட்ஜ், இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி. முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சு உலோகம் என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. பேனலையே இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்தவர்களும் உண்டு. பத்திரமாகத்தான் இருக்கும், காதுதான் கேட்காது. ஒரு வீட்டில் மாலை நேரத்தில் மட்டும் சென்சார்கள் காணாமல் போயின. பேனலை ஒட்டிப் புதிதாக மாட்டிய மலிவான எல்இடி விளக்கின் உள்ளே இருந்த சர்க்யூட் ரேடியோ இரைச்சலைக் கிளப்பிக்கொண்டிருந்தது. மாலையில் எரியவிட்ட எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில் அகப்பட்டது. வைஃபை ரூட்டரின் அலைவரிசை வேறு என்றாலும் அதையும் பேனலிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி வைப்பது நல்லது.

சென்சார்கள் அசைவு இல்லாவிட்டாலும் நான் இருக்கிறேன் என்று அவ்வப்போது பேனலுக்குச் சொல்லும். அந்தச் செய்தி பல மணி நேரம் வராவிட்டால் பேனல் சென்சாரைக் காணவில்லை என்று காட்டும். இதை வெறும் பீப் சத்தமாக நினைத்து அடக்கிவிடாதீர்கள். அது சொல்வது, அந்த அறைக்குக் காவல் இல்லை என்று.

அதைவிட மோசம் பைபாஸ், அதாவது ஒரு அறையைக் காவலிலிருந்து விலக்கி வைப்பது. தொல்லை தரும் அறையை பேனலில் பைபாஸ் செய்துவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கீபேட் அதை நினைவூட்டுகிறது. யாரும் படிப்பதில்லை. பிறகு வேறு எதற்கோ நான் போகும்போது, வீட்டின் பின்னறை மாதக்கணக்கில் காவல் இல்லாமல் கிடந்தது தெரியவருகிறது. பொருத்தியவர்களே இதைச் செய்துவிட்டுப் போவதும் நடக்கிறது, அதுதான் என்னைப் போன்றவர்களுக்குத் தலைகுனிவு. அலாரம் பொருத்தி முடித்ததும் ஒவ்வொரு அறையிலும் வீட்டுக்காரரையே நடக்க வைத்து, பேனலில் சரியான அறையின் பெயர் வருகிறதா என்று அவர் கண்ணாலேயே பார்க்கச் செய்யாமல் கையெழுத்து வாங்கக் கூடாது. வீட்டுக்காரர்களும் அதற்கு முன் கையெழுத்துப் போடக் கூடாது.

உண்மையிலேயே கெட்டுப்போகும் சென்சார்களும் இருக்கின்றன, இல்லை என்று சொல்ல மாட்டேன். பேட்டரி கசிந்து முனைகள் அரித்தவை, ஈரம் இறங்கியவை, வெயில் பட்டு லென்ஸ் நொறுங்கியவை. இடம் மாற்றிப் பார்த்து சாதனம்தான் என்று தெரிந்த பிறகு தாராளமாகப் புதியது வாங்கலாம். உணர்திறனைக் குறைக்க வேண்டிய இடங்களும் உண்டு. மிகச் சிறிய அறை, வேறு சுவரே இல்லாத அறை. அப்படிக் குறைத்தால் அதே நாளில் டெஸ்ட் மோடில் மெதுவாக நடந்து பார்க்க வேண்டும். வெயில் காலம் வந்ததும் இன்னொரு முறை.

கட்டுரையின் மற்ற பகுதிகளை நானே பலருக்குப் படிக்கக் கொடுத்திருப்பேன். ரீசார்ஜ் பேட்டரி பற்றிய அந்த வரியை மட்டுமாவது திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிப்பட்ட கட்டுரைகளைக் கத்தரித்து பேனலுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கும் வீடுகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
அலாரம் பழுது பார்க்கும் தொழிலில் உள்ள ஒரு வாசகி